மேல்வீட்டு பாத்ரூம் கசிவு: சீலிங் பூச்சு விழுகிறது, கம்பி தெரிகிறது. எதை முதலில் செய்வது?

கீழ்வீட்டுக்காரர்
சென்னை, ஸ்டில்ட்டுக்கு மேல் 3 மாடி, 2006-இல் கட்டியது. எங்களுடையது 2-வது மாடி. மேல்வீட்டு பாத்ரூம் (8×5 அடி, சங்கன் சிலாப், அதாவது தாழ்த்திப் போட்டு மேலே நிரப்பித் தரை போட்டது) எங்கள் படுக்கையறை ஓரமாகவும் எங்கள் பாத்ரூமுக்கு மேலாகவும் வருகிறது. இப்போதைய நிலவரம்: பாத்ரூம் சீலிங்கில் 2 அடி அகலத்துக்குப் பூச்சு விழுந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. படுக்கையறைச் சுவரில் உப்பு பூத்து பெயிண்ட் பொரிந்திருக்கிறது. வார்ட்ரோப்பின் முதுகுப்பலகை ஊறி உப்பிவிட்டது. மழை நாளில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. ஒரு காண்ட்ராக்டர் கீழிருந்தே கெமிக்கல் ஊசி போட்டு நிறுத்தலாம் என்கிறார். இன்னொருவர் மேலே முழுசாக உடைக்க வேண்டும் என்கிறார். மேல்வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் "என் பாத்ரூமிலிருந்துதான் வருகிறது என்று காட்டுங்கள், செய்கிறேன்" என்கிறார். எங்கே தொடங்குவது?

தளப்பொறியாளர்
அவர் கேட்பது நியாயம். கசிவு எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் உளியை எடுத்தால் இரண்டு வீட்டுக்கும் நஷ்டம்.

அதற்கும் முன்னால் இரண்டு வேலை. அந்த பாத்ரூமுக்கும் படுக்கையறைச் சுவருக்கும் போகும் மின்சுற்றை எம்சிபியில் நிறுத்துங்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்ய யாரையும் விடாதீர்கள், உயிரைக் காப்பதே அதுதான். அடுத்து, சீலிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும் பூச்சைத் தட்டி இறக்கிவிடுங்கள். சிறு சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கெட்டிச் சத்தம் வந்தால் நல்ல இடம், பொள்ளலாகக் கேட்டால் கான்கிரீட் பிளந்துவிட்டது. அந்த எல்லையை சாக்பீஸால் வரைந்து படம் எடுத்து வையுங்கள்.

பெயிண்ட், பட்டி, பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எதையும் இப்போது தொடாதீர்கள்.

பாத்ரூமில் தண்ணீர் நான்கு வழியில் கசியும்: அழுத்தத்தில் ஓடும் சப்ளை பைப், கழிவு பைப், நானி ட்ராப்பும் (தரைத் தண்ணீர் வடியும் ஜாலிக்கு அடியில் உள்ள கிண்ணம்) தரையும் சேரும் இடம், டைல்ஸ் இடுக்கு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

குழாய்வேலை
சோதனையை இந்த வரிசையில் செய்யுங்க சார்.

மொதல்ல பிரஷர் டெஸ்ட். மேல் பாத்ரூம் லைனை வால்வுல அடைச்சு, எல்லா பாயிண்டுக்கும் எண்ட் பிளக் போட்டு, கீசருக்குப் போற ரெண்டு லைனையும் ஒரு ஹோஸால இணைச்சு, கை பம்பு மாட்டி சதுர செ.மீ.க்கு 7 கிலோ பிரஷர் ஏத்துங்க. பழைய ஜிஐ பைப்பா இருந்தா 5 போதும், அதுக்கு மேல ஏத்தினா நல்லா இருக்கிற இடமும் விட்டுடும். ரெண்டு மணி நேரம் முள் அசையக் கூடாது. லைன்ல காத்து இருந்தா முள் மெதுவா இறங்கி ஏமாத்தும், அதனால கடைசி பாயிண்டுல தண்ணி பிசிறில்லாம வர்ற வரைக்கும் காத்தை விட்டுட்டு அப்புறம் பிளக் போடுங்க.

"வால்வை மூடினோம், கீழே சொட்டு நிக்கலை, அதனால பைப் நல்லா இருக்கு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. சங்கன் உள்ள நிரப்பின செங்கல் ஜல்லி தண்ணியை குடிச்சு வச்சிருக்கும். சப்ளையை நிறுத்தினாலும் பல நாள் சொட்டிட்டே இருக்கும். முள் சொல்றதை மட்டும் நம்புங்க.

பைப் தேறினா அடுத்து கழிவு. தரையை நனைக்காம, கலர் கலந்த ரெண்டு வாளி தண்ணியை ஃபனல் வச்சு நேரா ட்ராப்புக்குள்ள ஊத்துங்க. வெஸ்டர்ன் கிளாசட்டுல வேற கலர் ஊத்தி ஃப்ளஷ் பண்ணுங்க. ரெண்டு நாள் கீழே பாருங்க. வரலைன்னா கடைசியா தரை: ட்ராப்பை அடைச்சு, வாசப்படிக்குள்ள ஒரு அங்குலம் தண்ணி கட்டி 48 மணி நேரம். தண்ணி மட்டத்தை சுவத்துல பென்சில்ல குறிச்சு வைங்க. மூணையும் ஒரே நாள்ல பண்ணினா எது விட்டுச்சுன்னே தெரியாது.

மின்பணி
ஒரு விஷயம் சேர்க்கிறேன். தண்ணீர் சொட்டும் இடம்தான் கசியும் இடம் என்று நினைக்க வேண்டாம். சிலாப்புக்குள் புதைத்த கண்டியூட், அதாவது வயர் போகும் குழாய், தண்ணீருக்கு ராஜபாட்டை. பாத்ரூமில் இறங்கிய நீர் கண்டியூட் வழியாக ஓடி, பத்தடி தள்ளிப் படுக்கையறை ஃபேன் பாக்ஸில் சொட்டும். அங்கே சொட்டினால் உடனே ஃபேனை இறக்குங்கள். ஃபேன் கொக்கி சிலாப் கம்பியில் மாட்டிய இரும்பு. பாக்ஸுக்குள் அது துருப்பிடித்துக் கழுத்து மெலிந்திருந்தாலும் கப் மூடியிருப்பதால் வெளியே தெரியாது.

கீழ்வீட்டுக்காரர்
மூன்றும் செய்தாயிற்று. பிரஷர் 7 கிலோவில் அப்படியே நின்றது. கலர்த் தண்ணீர் கழிவில் ஊற்றியபோது எதுவும் வரவில்லை. தரையில் தண்ணீர் கட்டிய மறுநாளே சொட்டு வேகமாயிற்று, பென்சில் கோட்டிலிருந்து அரை அங்குலம் இறங்கியிருந்தது. ட்ராப் ஜாலியைச் சுற்றி டைல்ஸ் இடுக்கில் சிமெண்டே இல்லை, நகம் உள்ளே போகிறது. மேல்வீட்டுக்காரர் நேரில் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பூச்சுக்கலவை
அப்படியானால் உடைக்கவே தேவையில்லையே. டைல்ஸ் இடுக்கை கிரைண்டரால் 3 மி.மீ. அகலத்துக்குத் திறந்து, காயவிட்டு, எபாக்சி கிரவுட் (இடுக்கை நிரப்பும் பிசின் கலவை) போட்டால் போதும். ட்ராப் ஓரத்தில் பாலியூரிதேன் சீலண்ட். இரண்டு நாள் வேலை.

தளப்பொறியாளர்
கசிவு புதிது, டைல்ஸ் தட்டினால் எங்கும் பொள்ளல் இல்லை, கீழே கம்பி துருப்பிடிக்கவில்லை என்றால் அதையேதான் நானும் சொல்வேன். இங்கே கம்பி தெரிகிறது, சுவரில் உப்பு பூத்திருக்கிறது. தண்ணீர் பல வருஷமாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். 8×5 அடியில் ஒரு அடி ஆழம் என்றால் 40 கன அடி நிரப்பல், அதில் பெரும்பகுதி ஊறிக் கிடக்கிறது. மேலே எபாக்சி போட்டு மூடினால் அந்தத் தண்ணீர் மேலே ஆவியாகவும் வழியில்லாமல் கீழ்நோக்கி மட்டுமே போகும். கம்பியும் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். பூச்சைத் தள்ளி விழவைப்பது அந்த அழுத்தம்தான்.

கீழிருந்து பாலியூரிதேன் ஊசி போடுவதற்கும் இதே பதில். விரிசலை அடைக்க அது நல்ல முறை. ஆனால் சிலாப் மேலே குளம் அப்படியே நிற்கும்போது ஒரு வாயை அடைத்தால் நீர் இன்னொரு வாயைத் தேடும். இந்த வீட்டுக்கு மேலே திறப்பதுதான் வழி.

பூச்சுக்கலவை
கம்பி தெரிவதைக் கணக்கில் எடுக்காமல் சொன்னேன். இந்த நிலைக்கு நீங்கள் சொல்வதே சரி. எபாக்சி கிரவுட்டைக் கடைசியில் புது டைல்ஸுக்குப் போடலாம்.

கீழ்வீட்டுக்காரர்
உடைப்பது என்று முடிவாகிவிட்டது. மேலே வேலை எந்த வரிசையில், எவ்வளவு பொருள்? கொத்தனார் "வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்து சிமெண்ட் போட்டால் போதும்" என்கிறார்.

தளப்பொறியாளர்
பவுடர் கலந்த கலவை தனியாகப் போதாது. அது காரை நீரை உறிஞ்சுவதைக் குறைக்கும், விரிசல் விட்டால் தடுக்காது. வளைந்து கொடுக்கும் மெம்பரேன், அதாவது தண்ணீர் புகாத படலம், ஒன்று வேண்டும்.

உடைக்கும் முன் கீழே உங்கள் பாத்ரூமில் ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்துவிடுங்கள், பலகை சீலிங்கில் நன்றாகப் படிய வேண்டும். கம்பி மெலிந்த சிலாப் மேல் பிரேக்கர் அதிர்வு கூடாது. மேலே டைல்ஸை மெஷினால் எடுக்கலாம், அடியில் கடைசி 3 அங்குலம் கையுளிதான். 40 கன அடி நிரப்பல் வெட்டியெடுத்தால் உப்பி 50 கன அடியைத் தாண்டும், ஈரத்தோடு எடை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அதை மேல்வீட்டு ஹாலில் ஒரே மூலையில் குவிக்காதீர்கள். அரைச் சாக்காகக் கட்டி அன்றன்றைக்கே கீழே இறக்குங்கள்.

சிலாப் தெரிந்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காயவிட்டுப் பாருங்கள். கான்கிரீட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை இருந்தால் சுருங்காத கிரவுட்டால் நிரப்புங்கள். பைப் சிலாப்பையோ சுவரையோ துளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் சுற்றி ஒரு அங்குலம் கொத்தித் திறந்து அதே கிரவுட் போடுங்கள். வழக்கமாக விடும் இடம் அதுதான். கொத்தனார் ஈரச் சிமெண்டை அப்பிவிட்டுப் போவார், காய்ந்ததும் பிவிசியை விட்டு மயிரிழை விலகும்.

தரையும் சுவரும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல், 1:3 கலவையால் 2 அங்குலத்துக்கு உருட்டி ரவுண்டு கொடுங்கள். மெம்பரேன் முதலில் கிழிவது கூர்மையான மூலையில். ரவுண்டு காய்ந்ததும் மூலை நெடுக ஃபைபர் மெஷ் பட்டை வைத்து, அதன் மேல் அக்ரிலிக்-சிமெண்ட் இரட்டைப் பொருள் கோட்டிங். முதல் கோட் நீளவாக்கில், இரண்டாவது குறுக்கே. தரை முழுக்க, சங்கன் பக்கச் சுவர் முழுக்க, முடிந்த தரைமட்டத்துக்கு மேல் ஒரு அடி வரை. ஷவர் இருக்கும் பக்கம் 6 அடி உயரம். இதெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 130 சதுர அடி, அதாவது 12 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கும் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ என்று வைத்தால் 18 முதல் 24 கிலோ. "5 கிலோ டின் போதும் சார்" என்று யாராவது சொன்னால் தண்ணியாகக் கரைத்து அடிக்கப்போகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். கலக்கும் விகிதமும் இரண்டு கோட்டுக்கு நடுவே விட வேண்டிய நேரமும் டின்னிலேயே இருக்கும், அதை மீறாதீர்கள்.

கோட்டிங் காய்ந்தபின் தண்ணீர் கட்டி 72 மணி நேரம். கீழே சொட்டு இல்லை என்று நீங்களும் மேல்வீட்டுக்காரரும் சேர்ந்து பார்த்தபின்தான் அடுத்த வேலை. தேறியதும் அதே நாளில் ஒரு அங்குலக் காரையால் மூடிவிடுங்கள். திறந்து கிடக்கும் மெம்பரேன் மேல் பிளம்பர் ஏணியை வைத்து இழுத்தால் பட்ட பாடு வீண்.

குழாய்வேலை
சங்கன் திறந்திருக்கிற ஸ்டேஜ்லயே பைப்பை எல்லாம் மாத்திடுங்க. பழசு தேறியிருந்தாலும் மறுபடி எப்போ திறக்கப்போறீங்க?

சப்ளைக்கு சிபிவிசி (வெந்நீர் தாங்குற பிளாஸ்டிக் பைப்): மெயின் முக்கால் அங்குலம், பாயிண்டுக்கு அரை. சால்வண்ட் சிமெண்ட் (பைப் ஒட்டுற பசை) ரெண்டு பக்கமும் தடவி, கால் சுத்து திருப்பி உள்ளே தள்ளி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். விட்டுட்டா ஃபிட்டிங் தானா வெளியே வரும். டேப் மாட்டுற எல்போ பித்தளை மரை வச்சதாத்தான் இருக்கணும். பிளாஸ்டிக் மரையில இரும்பு நிப்பிளை ரென்ச் போட்டு முறுக்கினா அப்போ விடாது, ஆறு மாசம் கழிச்சு சுவத்துக்குள்ள பிளக்கும். மரைக்கு டெஃப்லான் டேப் மட்டும். சணலும் பெயிண்டும் சிபிவிசிக்கு ஆகாது.

கழிவுக்கு எஸ்டபிள்யூஆர் பைப் (கழிவுநீருக்கும் மழைநீருக்கும் வர்ற பிவிசி பைப்), வாட்டம் 1-க்கு 40 முதல் 60. நானி ட்ராப் ஆழமா தண்ணி நிக்கிற வகை, 50 மி.மீ. சீல். ட்ராப் கழுத்துல மெம்பரேனை உள்பக்கம் மடிச்சு இறக்கணும், வெளியில நிறுத்தக் கூடாது.

சங்கன் அடியில ஒரு ஸ்பவுட் பைப் மறக்காதீங்க. ஒரு அங்குல பிவிசி, அடிமட்டத்துல இருந்து சாஃப்ட்டுக்குள்ள (பைப் எல்லாம் இறங்குற திறந்த இடம்) நீட்டி, உள்வாயில வலை கட்டி கொஞ்சம் ஜல்லி போடுங்க. பின்னாடி எப்பவாவது மேலே இருந்து தண்ணி இறங்கினாலும் அது வழியா வெளியே சொட்டும், சீலிங்குக்கு முன்னாடி அது காட்டிக்கொடுக்கும். இது போகிற சுவர்த் துளையையும் கோட்டிங்குக்கு முன்னாடியே போட்டு கிரவுட் பண்ணிடணும்.

பூச்சுக்கலவை
நிரப்ப, எடுத்த கழிவையே திரும்பப் போடாதீர்கள். உப்பு ஏறிய செங்கல் அது. ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்) துண்டு போட்டால் 40 கன அடியும் 700 கிலோவுக்குள் அடங்கும், ஏற்கெனவே பலமிழந்த சிலாப்புக்கு அது பெரிய ஆறுதல்.

குழாய்வேலை
ஏஏசி பஞ்சு மாதிரி தண்ணி குடிக்குமே?

பூச்சுக்கலவை
குடிக்கும். அதனால்தான் நிரப்பலுக்கு மேலே வாட்டம் கொடுத்த கான்கிரீட் 2 அங்குலம் போட்டு, அதன் மேல் இன்னொரு முறை மெம்பரேன் அடிக்க வேண்டும். கீழ் மெம்பரேன் கடைசித் தடுப்பு, வேலை செய்யப்போவது மேலுள்ளது. வாட்டம் 8 அடிக்கு ஒரு அங்குலம். வாசப்படிக் கிரானைட்டுக்கு அடியிலும் மெம்பரேன் ஓடி, படியின் வெளி விளிம்பு வரை போகட்டும். படிக்கு முன்னால் நிறுத்தினால் ஈரம் படிக்கடியில் புகுந்து மரநிலையின் காலைத் தின்றுவிடும். நிலை மாற்றுவதாக இருந்தால் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது கிரானைட் போட்டுவிடுங்கள்.

டைல்ஸைச் சிமெண்ட் பாலில் ஒட்டாமல் ஐஎஸ் 15477 (டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண்) போட்ட அடிசிவில் ஒட்டுங்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, சிமெண்ட் பால் அதில் பிடிக்க இடமில்லை. நான்கு மூலையில் ஒரு உருண்டை வைத்து அழுத்துவதும் கூடாது. பல் கரண்டியால் முழுப்பரப்பும் இழுக்க வேண்டும். இடுக்கு 2 முதல் 3 மி.மீ., எபாக்சி கிரவுட்.

கீழ்வீட்டுக்காரர்
மேலே தெளிவாகிவிட்டது. கீழே என் சீலிங்? கொத்தனார் கம்பிக்கு ரெட் ஆக்சைடு அடித்து, ஃபெவிகால் கலந்த சிமெண்ட் பூசுவதாகச் சொல்கிறார்.

தளப்பொறியாளர்
வேண்டாம். ஃபெவிகால் மாதிரியான பிவிஏ பசை ஈரம் பட்டால் மறுபடி பாலாகக் கரைந்துவிடும். ஈரம் வரும் இடத்துக்கு எஸ்பிஆர் லேடக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) தான். ரெட் ஆக்சைடுக்குப் பதில் ஜிங்க் கலந்த எபாக்சி பிரைமர்.

72 மணி நேரச் சோதனை தேறி, மேலே இனி தண்ணீர் வராது என்றான பிறகுதான் சீலிங்கைத் தொட வேண்டும். சாக்பீஸ் எல்லைக்கு வெளியே 4 அங்குலம் சேர்த்துக் கொத்துங்கள். ஓரத்தைச் சரிவாக விடாமல் கட்டரால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள், சரிவான ஓரத்தில் கலவை இறகு மாதிரி மெலிந்து உதிரும். கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவு, 20 மி.மீ., திறக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் பின்பக்கத் துரு மறுபடி தள்ளும். கொத்திய புதுப் பரப்பில் பினால்ஃப்தலீன் (காரத்தைக் காட்டும் திரவம்) தெளித்துப் பாருங்கள்: இளஞ்சிவப்பானால் காரத்தன்மை இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் கார்பனேட் ஆகிவிட்டது, அந்தக் கான்கிரீட் கம்பியைக் காக்காது.

கம்பியைப் பளபளப்பு வரும்வரை தேய்த்து, வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7.2-க்குக் கீழே போனால் குறுக்குப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அங்கே பக்கத்தில் புதுக் கம்பி வைத்து இரண்டு முனையிலும் நல்ல கம்பியோடு 400 மி.மீ. மேற்படிய வைத்துக் கட்ட வேண்டும். இப்படி நாலைந்து கம்பிக்கு மேல் மெலிந்திருந்தால் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் நேரில் பார்த்து எழுதிக் கொடுக்காமல் தொடராதீர்கள், இணையத்தில் கேட்டு முடிவு செய்யும் விஷயமில்லை.

பிரைமர் காய்ந்ததும் லேடக்ஸும் சிமெண்டும் குழைத்த பாலைத் தடவி, பிசுபிசுப்பு இருக்கும்போதே கலவையை அப்ப வேண்டும். சிமெண்ட் 1, சலித்த மணல் 3, லேடக்ஸ் 50 கிலோ மூட்டைக்கு 5 முதல் 10 கிலோ. ஒரு தடவைக்கு 10 முதல் 12 மி.மீ. தடிமன், அதற்கு மேல் போட்டால் சொந்த எடையில் தொங்கி விலகும். கலவைக்குக் கடலோரப் போர்த் தண்ணீர் வேண்டாம். ஐஎஸ் 456, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடை லிட்டருக்கு 500 மில்லிகிராமோடு நிறுத்துகிறது. உப்புநீரில் கலந்தால் துருவுக்கு நாமே விதை போட்ட மாதிரி. சீலிங்குக்குக் கொடுத்த ஜாக்கி முட்டுகளை 14 நாள் எடுக்காமல் வைத்திருங்கள்.

மின்பணி
சீலிங் பூசும் முன் வயரிங்கை முடித்துவிடுங்கள். நனைந்த கண்டியூட்டில் உள்ள வயரை உருவி எடுத்துவிட்டு, புளோயரால் ஊதிக் காயவைத்துப் புது வயர் இழுக்க வேண்டும். இழுத்தபின் 500 வோல்ட் மெகரில் (வயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டும் பாருங்கள். 1 மெகாஓம்க்குக் கீழே காட்டினால் ஈரம் இன்னும் இருக்கிறது. துருப்பிடித்த மெட்டல் பாக்ஸ், பச்சை படிந்த சுவிட்ச் எல்லாம் மாற்றத்தான் வேண்டும். ஃபேன் கொக்கி மெலிந்திருந்தால் ஆங்கர் ஃபாஸ்னர் கொக்கி, அதுவும் நல்ல கான்கிரீட்டில், ரிப்பேர் செய்த ஒட்டில் இல்லை.

மரவேலை
வார்ட்ரோப்: பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் ஒருமுறை உப்பினால் திரும்பாது, ஸ்க்ரூ பிடிக்காது. எடுத்துவிடுங்கள். ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட்டாக (ஈரம் தாங்கும் மரைன் வகை) இருந்தால் கழற்றி, நிழலில் இடைவெளி விட்டு நிறுத்திக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அடுக்கு பிரிகிறதா என்று ஓரத்தில் உளி நுனியை வைத்துப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது முதுகுப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அங்குலம் விட்டு, மேலும் கீழும் காற்றோட்டத் துளை விடுங்கள். பூஞ்சையைக் காய்ந்த துணியால் தட்ட வேண்டாம், தூள் அறை முழுக்கப் பரவும். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் சேர்க்கவே கூடாது, வரும் குளோரின் நெஞ்சைப் பிடிக்கும்.

கீழ்வீட்டுக்காரர்
படுக்கையறைச் சுவருக்கு எப்போது பெயிண்ட் அடிக்கலாம்? இன்சூரன்ஸ் ஏதாவது கிடைக்குமா?

பூச்சுக்கலவை
உப்பு பூத்த பூச்சை ஓதம் ஏறிய உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை செங்கல் தெரியக் கொத்திவிடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் செங்கலுக்குள் போய்விடும். பிறகு செங்கலைத் திறந்தபடி விட்டு ஃபேன் போடுங்கள். 9 அங்குலச் சுவர் முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகும், வடகிழக்குப் பருவமழையில் இன்னும் தாமதம். பூசியபின் 2 அடிக்கு 2 அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் வையுங்கள். உள்பக்கம் வியர்த்தால் பட்டி பார்க்க நேரம் வரவில்லை. பட்டி வெள்ளைச் சிமெண்ட் அடிப்படையில், பிஓபி வேண்டாம். முடிந்தால் பெயிண்டை பிப்ரவரிக்குத் தள்ளுங்கள்.

தளப்பொறியாளர்
இன்சூரன்ஸ்: 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தண்ணீர்த் தொட்டி, பைப் வெடித்தோ வழிந்தோ ஏற்படும் சேதம் உண்டு. வருஷக்கணக்கில் மெல்லக் கசிந்தது அந்த வகையில் வராது, உங்கள் சோதனை முடிவே டைல்ஸ் இடுக்கு என்கிறது. அதனால் மேல்வீட்டுக்காரரோடு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்: மேல் தரை அவர் செலவு, சீலிங்கும் வயரிங்கும் எப்படிப் பகிர்வது, 72 மணி நேரச் சோதனையில் இருவர் கையெழுத்து. ஸ்பவுட் பைப் சாஃப்ட்டுக்குள் நீள்வதால் சங்கத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர்
மேல்வீட்டில் வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தரை கழுவுகிறார்கள். புதுத் தரைக்கு அது ஆகுமா?

பூச்சுக்கலவை
ஆகாது. இடுக்கில் சிமெண்ட் காணாமல் போனதற்கு அதுவே முதல் காரணமாக இருக்கும், ஆசிட் சிமெண்ட்டைக் கரைக்கும். எபாக்சி கிரவுட் தாங்கினாலும் டைல்ஸ் பளபளப்பும் ஜாலியும் தாங்காது. சோப்புத்தூள், நைலான் பிரஷ் போதும். போர்த் தண்ணீரின் வெள்ளைக் கறைக்கு வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவச் சொல்லுங்கள்.